‘என்க’

அக்கா மகளுக்கு அரையாண்டுத் தேர்வின் கணக்குத் தாளில் அரை மதிப்பெண் குறைந்துபோனது. அரைதான். அந்த அரைக்காக இரண்டு நாள் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வழி; வருகிற தை வந்தால் பதினைந்து. கோபம் வரத் தெரிந்த வயது. மூன்றாம் நாள் விடைத்தாளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

“நீங்களே பாருங்கள் சித்தி. விடை சரி. வழியும் சரி. அப்புறம் எதற்குக் குறைத்தார்கள்?”

கணக்கு எல்லோருக்கும் தெரிந்த பழைய கணக்கு. ஒரு பண்ணையில் கோழிகளும் ஆடுகளும் இருக்கின்றன. தலைகள் 35, கால்கள் 94. கோழி எத்தனை, ஆடு எத்தனை? பாடநூலில் மாறிகளுக்கு ஆங்கில எழுத்துகள்தான் போட்டிருக்கும். இவளுக்குப் பொருளின் முதலெழுத்தை வைத்துக்கொள்ளும் பழக்கம். இப்படி எழுதியிருந்தாள்:

கோ = கோழி, ஆ = ஆடு
கோ + ஆ = 35
2கோ + 4ஆ = 94

பிறகு முதல் சமன்பாட்டை இரண்டால் பெருக்கி, கழித்து, ஆ = 12, கோ = 23. முதல் வரியை மட்டும் சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் “என்க எங்கே?” என்று கேட்டிருந்தார் ஆசிரியை.

எடுத்த எடுப்பில் நான் பிள்ளையின் பக்கம்தான். நாங்கள் படித்த காலத்திலும் “கோழிகளின் எண்ணிக்கையை இன்னது என்க” என்று எழுதாமல் விட்டால் மதிப்பெண் போகும். மந்திரம் போல, அர்த்தம் புரியாமலே எழுதிவிட்டு அடுத்த வரிக்கு ஓடுவோம். அவளைச் சமாதானம் செய்யலாம் என்று நினைத்துத்தான் ஒரு சின்ன வாக்கியம் கொடுத்தேன்: “ஒரு தோட்டத்தில் ஆடுகளைப் போல இரண்டு மடங்கு கோழிகள் இருக்கின்றன. சமன்பாடாக எழுது.”

யோசிக்காமல் எழுதினாள்: 2கோ = ஆ.

“பத்து ஆடு இருந்தால் எத்தனை கோழி?”

“இருபது.”

“அதை இதில் போடு.”

போட்டாள். 40 = 10 என்று வந்தது. பென்சில் நின்றது. “இரண்டு கோழிக்கு ஓர் ஆடு என்றுதானே எழுதியிருக்கிறேன்?” என்றாள்.

அங்கேதான் ஆசிரியையின் சிவப்பு மை எனக்கு உறைத்தது. இவளுடைய ‘கோ’ ஓர் எண் அல்ல. இறக்கையும் கொண்டையும் உள்ள கோழி. 2கோ என்றால் அவள் கண்ணுக்கு இரண்டு கோழிகள் நிற்கின்றன, எதிரே ஓர் ஆடு. சித்திரமாகப் பார்த்தால் சரி, சமன்பாடாகப் பார்த்தால் தலைகீழ். 35 தலைக் கணக்கில் அவள் தப்பித்தது அந்தக் கணக்கின் தயவு. அங்கே கோழியைக் கோழி என்று வைத்தாலும் எண்ணிக்கை என்று வைத்தாலும் எழுதுவது ஒன்றாகவே வந்துவிடுகிறது.

இது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் தவறு மட்டும் அல்ல. 1980களின் தொடக்கத்தில் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் பொறியியல் மாணவர்களிடம் ஒரே ஒரு வாக்கியத்தைக் கொடுத்தார்கள்: இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள், சமன்பாடு எழுதுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் தவறாக எழுதினார்கள். தவறியவர்களில் பெரும்பாலோர் ஆறை மாணவர் பக்கம் வைத்தார்கள், எங்கள் வீட்டுப் பெண் இரண்டைக் கோழிப் பக்கம் வைத்ததைப் போலவே. நுண்கணிதம் படிக்கிறவர்கள் அவர்கள்.

‘என்க’ ஒரு வியங்கோள் வினை. வாழ்க, வருக என்பதைப் போல. திருமண அழைப்பிதழையும் மேடைப் பேச்சையும் தவிர அன்றாடத்தில் வியங்கோளுக்கு இடம் குறைவு. கணக்கு நோட்டில் மட்டும் அது விடாப்பிடியாக உட்கார்ந்திருக்கிறது. “கோழிகளின் எண்ணிக்கை கோ என்க” என்பதில் மூன்று வேலை நடக்கிறது. எனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். அது கோழி இல்லை, கோழிகளின் எண்ணிக்கை என்று வரையறுக்கிறேன். தெரியாததையும் தெரிந்ததைப் போலவே கூட்டிக் கழித்துப் பெருக்கப்போகிறேன் என்று அறிவிக்கிறேன். மற்றதெல்லாம், நீக்கல் முறை, பிரதியிடல் முறை, எனக்குச் சற்றும் பிடிக்காத அந்தக் குறுக்குப் பெருக்கல் முறை, எல்லாம் கைவேலை. கணக்கு உருவாவதும் கெடுவதும் அந்த முதல் வரியில்.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அம்மா ஊஞ்சலில் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். பேத்திக்கு ஆச்சி. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. “தலை எத்தனை என்றாய், முப்பத்தைந்தா? ஆடுகளை எல்லாம் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொல்” என்றாள்.

“எதற்கு ஆச்சி?”

“இப்போது எல்லாவற்றுக்கும் தரையில் இரண்டு கால்தானே? எழுபது. மிச்சம் இருபத்துநாலு கால் அந்தரத்தில். ஓர் ஆட்டுக்கு இரண்டு. பன்னிரண்டு ஆடு.”

மாறியும் இல்லை, என்கவும் இல்லை. தெரியாத ஒன்றுக்குப் பெயர் வைப்பதற்குப் பதிலாக, எல்லாம் ஒரே மாதிரி என்று பொய்யாக வைத்துக்கொண்டு, அந்தப் பொய் எவ்வளவு இடிக்கிறது என்று அளக்கும் வழி இது. இதே எண்கள், 35 தலையும் 94 காலும், கி.பி. 3 முதல் 5ஆம் நூற்றாண்டுக்குள் எழுதப்பட்டதாகக் கருதப்படும் சீனத்துச் சுன்சியின் கணித நூலில் இருக்கின்றன. அங்கே ஒரே கூண்டில் காட்டுக்கோழிகளும் முயல்களும். அவர் கால்களைப் பாதியாக்கி 47 என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து 35 தலையைக் கழித்து 12 முயல் என்கிறார். ஒவ்வொன்றும் பாதிக் காலில் நின்றால் கோழிக்கு ஒன்று, முயலுக்கு இரண்டு. தலையைவிட மிகுந்து நிற்பது அத்தனையும் முயல். அம்மாவின் ஆடுகளைவிடச் சுன்சியின் கோழிகளுக்கு உடற்பயிற்சி அதிகம்.

அம்மாவின் வழியைக் கேட்டதும் எனக்கு மண்டியில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. நான் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை நாளில் லோடு வந்தது. டிரைவரின் சட்டைப் பையில் இருந்த சரக்குச் சீட்டு நனைந்து கூழாகிவிட்டது. மொத்தம் 180 உருப்படி என்பது மட்டும் படிக்க முடிந்தது. எடை மேடைச் சீட்டில் சரக்கின் எடை 7,680 கிலோ. வந்தவை இரண்டு வகை: 75 கிலோ மூட்டை, 26 கிலோ சிப்பம். (26 என்ன கணக்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். 2022 ஜூலையில், 25 கிலோ வரையிலான பொட்டலமிட்ட அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. மறுவாரமே சிப்பத்தில் ஒரு கிலோ கூடிவிட்டது.) இறக்குக் கூலி மூட்டைக்கு ஒரு விலை, சிப்பத்துக்கு ஒரு விலை. தார்ப்பாயை அவிழ்ப்பதற்கு முன்பே எத்தனை எத்தனை என்று தெரிய வேண்டும் என்று மேஸ்திரி நிற்கிறார்.

நான் சீட்டின் பின்பக்கத்தில் போட்டேன். எல்லாம் சிப்பம் என்று வைத்தால் 180 × 26 = 4,680. இருப்பது 7,680. அதிகம் 3,000. ஒரு சிப்பம் மூட்டையாக மாறினால் 49 கிலோ கூடும். 3,000ஐ 49ஆல் வகுத்தால் 61.2.

ஐந்தில் ஒரு பங்கு மூட்டை! வாழ்க்கையில் கணக்கு தப்பினால் சத்தமே கேட்காது. இங்கே தசமப் புள்ளி சத்தம் போட்டது. மேஸ்திரி எட்டிப் பார்த்தார். “சாக்கு எடையை விட்டுவிட்டீர்களே அம்மா” என்றார். சணல் சாக்கு அறுநூறு கிராம், சிப்பத்துப் பை இருநூறு கிராம். ஆக 75.6, 26.2. மறுபடியும்: 180 × 26.2 = 4,716. அதிகம் 2,964. வித்தியாசம் 49.4. வகுத்தால் மிச்சமில்லாமல் 60. மூட்டை 60, சிப்பம் 120. தார்ப்பாயை அவிழ்த்து இறக்கியபோதும் அதுதான் இருந்தது.

தேர்வில் விடை பின்னமாக வந்தால் பிள்ளைகள் கழித்தலைத்தான் மறுபடி சரிபார்ப்பார்கள். பெரும்பாலும் கழித்தலில் பிழை இருக்காது. நான் “மூட்டை 75” என்று வைத்தது மூட்டையின் எடை அல்ல, உள்ளே இருக்கும் அரிசியின் எடை. பெயர் வைத்ததில்தான் ஓட்டை. வேலை செய்து சம்பளம் வாங்குகிற எனக்கும் ஒரு சிவப்புச் சுழி தேவைப்பட்டிருக்கிறது.

எதிர்வீட்டுப் பையனும் ஒன்பதாம் வகுப்புதான், ஆங்கில வழி. இருவரும் சேர்ந்து படிக்கும்போது ஒரு விந்தையைக் கவனித்தேன். “ஓர் எண் மற்றோர் எண்ணின் இருமடங்கைவிட மூன்று குறைவு.” இவள் தமிழில் படித்துக்கொண்டே எழுதுகிறாள்: இருமடங்கு, அதிலிருந்து மூன்று, குறை. வாக்கியம் போகிற வழியிலேயே சமன்பாடும் போகிறது. அவனுடைய புத்தகத்தில் அந்த மூன்று முதலில் வந்து நிற்கிறது, இருமடங்கு கடைசியில். மூன்றிலிருந்து இருமடங்கைக் கழித்து வைத்தான். தமிழுக்குக் கிடைத்த இந்த வெற்றியைக் கொண்டாட முடியவில்லை. ஏனென்றால் “ஓர் ஆசிரியருக்கு முப்பது மாணவர்” என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்வதை அப்படியே எழுதினால் கோழிக் கணக்கின் கதைதான். ஒவ்வொரு மொழியும் தனித்தனியாகப் பள்ளங்கள் வெட்டி வைத்திருக்கிறது.

தெரியாததற்குப் பெயர் வைப்பதில் நம் பழையவர்கள் கெட்டிக்காரர்கள். வடமொழிக் கணித நூல்களில் முதல் அறியா எண்ணுக்கு ‘யாவத்-தாவத்’ என்று பெயர், எவ்வளவோ அவ்வளவு. இரண்டாவது, மூன்றாவது வந்தால் நிறங்கள்: காளகம், நீலகம், பீதகம், லோகிதகம். கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு. நிறங்களால் சுட்டும் இந்த வழக்கம் பிரம்மகுப்தர் 628இல் எழுதிய நூலிலேயே உண்டு. எழுதும்போது முதலெழுத்து போதும்: யா, கா, நீ. மஞ்சளின் முதலெழுத்தைத் தமிழ் வகுப்பறையில் உரக்கச் சொல்ல முடியாது என்பது ஒன்றுதான் குறை. அக்கா மகள் கோ, ஆ என்று எழுதியதில் ஆயிரத்து நானூறு ஆண்டுப் பழக்கம் இருக்கிறது என்றதும் அவளுக்குக் கொஞ்சம் கோபம் தணிந்தது.

1150ஐ ஒட்டி எழுதிய பீஜகணிதத்தில் இரண்டாம் பாஸ்கரர் ஒரு கணக்கு தருகிறார். ஒருவன் சொல்கிறான்: “நண்பா, எனக்கு நூறு கொடு, உன்னைப் போல இருமடங்கு பணக்காரன் ஆவேன்.” மற்றவன் சொல்கிறான்: “நீ எனக்குப் பத்துக் கொடு, உன்னைப் போல ஆறு மடங்கு ஆவேன்.” ஆளுக்கு எவ்வளவு?

நாம் என்ன செய்வோம்? முதல்வனிடம் இருப்பது யா, மற்றவனிடம் இருப்பது கா என்போம். யா + 100 = 2(கா − 100). கா + 10 = 6(யா − 10). அடைப்புக்குறியைப் பிரித்து, பக்கம் மாற்றி, குறியில் ஒரு தடவை தவறி, ஒருவழியாகக் கரையேறலாம். பாஸ்கரர் ஒரே ஒரு யாவில் முடிக்கிறார். கையில் இப்போது இருப்பதற்கு அவர் பெயர் வைக்கவில்லை. நூறு கொடுத்த பிறகு இரண்டாமவனிடம் மிஞ்சுவது யா. அப்போது முதல்வனிடம் 2யா இருந்தாக வேண்டும். ஆகவே இப்போது இரண்டாமவனிடம் யா + 100, முதல்வனிடம் 2யா − 100. முதல் வாக்கியம் முழுவதும் பெயர் வைத்ததிலேயே செரித்துவிட்டது. இரண்டாவதை எழுதினால் யா + 110 = 6(2யா − 110). அதாவது 11யா = 770, யா = 70. முதல்வனிடம் 40, இரண்டாமவனிடம் 170.

இதை நோட்டில் போட்டுக் காட்டியபோது அவள் சொன்னது: “இவர் என்கவிலேயே பாதிக் கணக்கைப் போட்டுவிட்டார் சித்தி.”

இன்னொருவர் மகாவீரர். 9ஆம் நூற்றாண்டு, ராஷ்டிரகூட அரசர் அமோகவர்ஷர் காலத்துச் சமணர். அவருடைய கணிதசாரசங்கிரகம் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேறியது நம் சென்னையில்தான். பதிப்பித்தவர் மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மு. ரங்காசாரியார், ஆண்டு 1912. அதில் ஒரு பழக்கடைக் கணக்கு: 9 நார்த்தங்காயும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107, 7 நார்த்தங்காயும் 9 விளாம்பழமும் 101. ஒவ்வொன்றின் விலை என்ன?

நீக்கல் முறையில் இறங்கினால் 107ஐ 9ஆல் பெருக்க வேண்டிவரும். அதற்கு முன் இரண்டு வரியையும் உற்றுப் பார்த்தால் எண்கள் இடம் மாறி நிற்பது தெரியும். இரண்டையும் கூட்டினால் 16 காயும் 16 பழமும் 208. ஒரு காயும் ஒரு பழமும் 13. கழித்தால் 2 காய்க்கும் 2 பழத்துக்கும் உள்ள வித்தியாசம் 6; ஒன்றுக்கு 3. கூடுதல் 13, வித்தியாசம் 3. காய் 8, பழம் 5.

இதை நான் மாதாமாதம் பயன்படுத்துகிறேன். மண்டிக்கு வரும் டீக்கடைப் பற்றுச் சீட்டில் மொத்தம் மட்டும் இருக்கும். விலை கேட்டால் கடைப் பையன் “பழைய விலைதான் அக்கா” என்பான்; எது பழையது என்று சொல்ல மாட்டான். ஒரு நாள் 4 டீ, 3 வடை, 90 ரூபாய். மறுநாள் 3 டீ, 4 வடை, 85. கூட்டினால் ஏழேழாக 175, ஆக ஒரு டீயும் ஒரு வடையும் 25. கழித்தால் டீ வடையைவிட 5 அதிகம். டீ 15, வடை 10. விலை ஏறியிருக்கிறது. இதில் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு நாள் 3 டீ 2 வடை, இன்னொரு நாள் 6 டீ 4 வடை என்று சீட்டு வந்தால் கையில் இரண்டு சீட்டு இருக்கும், ஒரு செய்திதான் இருக்கும். ஒரே ஆள் இரண்டு முறை சாட்சி சொன்னதைப் போல. அந்த மாதம் நான் வாயை மூடிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

வேலை-நாள் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 8 ஆண்களும் 12 சிறுவர்களும் 10 நாளில் முடிக்கும் வேலையை, 6 ஆண்களும் 8 சிறுவர்களும் 14 நாளில் முடிக்கிறார்கள். ஒருவர் தனியாகச் செய்தால் எத்தனை நாள்? எங்கள் தலைமுறை இதற்குப் பயந்து செத்தது. பயத்துக்குக் காரணம் கேட்ட பொருளுக்கே பெயர் வைப்பது. நாள்களுக்குப் பெயர் வைத்தால் பின்னத்தின் கீழே போய் மாட்டிக்கொள்கிறோம். ஆள்-நாளாக எண்ணினால் 80 ஆணும் 120 சிறுவரும் செய்ததும், 84 ஆணும் 112 சிறுவரும் செய்ததும் ஒரே வேலை. ஆக 4 ஆண் 8 சிறுவருக்குச் சமம், ஒருவருக்கு இருவர். 80 ஆணை 160 சிறுவராக மாற்றினால் மொத்தம் 280. ஒரு சிறுவனுக்கு 280 நாள், ஓர் ஆணுக்கு 140. அந்தப் பன்னிரண்டு சிறுவர்களைப் பள்ளிக்கு அனுப்பாமல் யார் வேலைக்கு வைத்தார்கள் என்று எந்த ஆசிரியரும் எங்களிடம் கேட்டதில்லை.

படகு-நீரோட்டக் கணக்கை விட்டுவிடுகிறேன். தாமிரபரணிக் கரையில் வளர்ந்தும் நான் படகில் ஏறியதே இல்லை.

மீதி இருந்தது வயதுக் கணக்கு. “ஐந்து ஆண்டுகளுக்கு முன்” என்றால் இருவருக்கும் ஐந்து குறையும் என்பதை மறந்து ஒருவருக்கு மட்டும் குறைப்பாள். புத்தகத்தில் இருந்த தந்தை மகன் கணக்குகள் நான்கு தீர்ந்ததும், “வேறு ஏதாவது கொடுங்கள், நிஜமான ஆள்களாக” என்றாள்.

“ஆச்சியின் வயதைக் கண்டுபிடியேன்” என்றேன்.

அம்மாவுக்குப் பிறந்த தேதி தெரியாது. ரேஷன் அட்டையில் ஒன்று, வாக்காளர் அட்டையில் ஒன்று. கல்யாண ஆண்டு மட்டும் உறுதி. சீராக வந்த பித்தளைக் குடத்தின் கழுத்தில் பெயரோடு 1966 என்று வெட்டியிருக்கிறது. அந்த ஆண்டில் சட்டப்படி பெண்ணின் திருமண வயது 15. 18 ஆனது 1978இல்தான்.

“ஆச்சி, தாத்தாவுக்கும் உனக்கும் எத்தனை வயது வித்தியாசம்?”

“ஏழு. அதை உன் தாத்தாவே சொல்லிக்கொண்டிருப்பார்.”

“இன்னொன்று வேண்டும். வேறு மாதிரி ஒன்று.”

அம்மா கொஞ்ச நேரம் நாரை உரித்தாள். “என் பெரியப்பா மகன், பெரியண்ணன், பந்தியில் ஒன்று சொன்னான். மாப்பிள்ளை, பெண், இரண்டு பேர் வயதையும் கூட்டினால்தான் என் வயது வருகிறது என்று. எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கு அப்போது முப்பத்தைந்து. அவன் அரசாங்க வேலையில் இருந்தவன், அவன் வயது தப்பாது.”

பிள்ளை புதிய பக்கத்தைத் திருப்பினாள். இந்த முறை முழுதாக எழுதினாள்: திருமணத்தின்போது தாத்தாவின் வயது தா என்க. திருமணத்தின்போது ஆச்சியின் வயது ஆ என்க.

தா + ஆ = 35
தா − ஆ = 7

கூட்டினாள். 2தா = 42, தா = 21. கழித்தாள். அடிக்கோடிட்டு, கீழே ‘சரிபார்த்தல்’ என்று எழுதி, 21 + 14 = 35, 21 − 14 = 7 என்று போட்டாள். பிறகு நோட்டைத் தூக்கி ஊஞ்சலுக்கு நேராகக் காட்டினாள்.

அம்மா கண்ணாடியை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்து, மாட்டிக்கொண்டு, அந்த எண்ணைப் பார்த்தாள்.

“பதினைந்து என்றல்லவா என் அப்பா எல்லோரிடமும் சொல்லியிருந்தார்” என்றாள்.